நாக்குத் தொங்காத வண்டி

மிர்னோவில் குளிர்காலம் வந்துவிட்டால் வண்டிகளெல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் நிற்கும். முன்பக்கக் கம்பிச் சட்டத்தின் நடுவிலிருந்து கறுப்பு ஒயர் ஒன்று வெளியே எட்டிப் பார்க்கும். அதன் நுனியில் ஒரு பிளக். ராத்திரி அதை வீட்டுச் சுவரில் சொருகிவிட்டால், எஞ்சினின் வயிற்றுக்குள் இருக்கும் ஹீட்டர் சூடாகி, காலையில் வண்டி முரண்டு பிடிக்காமல் கிளம்பும். சொருக மறந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்ச வேண்டும். கனடாவின் சஸ்காட்சுவான் சமவெளியில் ஜனவரி மாதத்தில் இதற்கு விலக்கே கிடையாது. பாதிரியார் வண்டிக்கும் நாக்கு உண்டு, போலீஸ் வண்டிக்கும் உண்டு.

நெஸ்டர் கோவல்ச்சுக்கின் சிவப்பு பிக்கப்புக்கு மட்டும் கிடையாது.

அதை நெஸ்டரே தினமும் எல்லோருக்கும் நினைவுபடுத்துவார். கூட்டுறவுக் கடையின் காபி மேசையில் அவருக்கென்று ஒரு நாற்காலி. கையுறையைக் கழற்றாமல் உட்கார்ந்து, "இன்னைக்கு மைனஸ் முப்பத்தஞ்சு. நான் சாவியத் திருப்பினேன். அது சிரிச்சுச்சு" என்பார். ஹீட்டர் என்பது பயந்தவர்களுக்கும் கிழவிகளுக்கும் ஏற்பட்ட சமாசாரம் என்பது அவர் கட்சி. எஞ்சின் எண்ணெயில் ஒரு சூட்சுமம் இருப்பதாகவும், அது தன் அப்பாவோடு வந்த ரகசியம் என்றும் சொல்வார். என்ன சூட்சுமம் என்று கேட்டால் காபியை உறிஞ்சுவார். மூன்று குளிர்காலமாக இதே கதைதான். ஊரும் பாதி நம்பியது.

நம்பாதவர்களில் முதல் ஆள் லூபா. நெஸ்டரின் மனைவி ஓரிசியாவின் கூடப் பிறந்த தங்கை. ஐம்பத்துநாலு வயது. சுற்று வட்டாரப் பண்ணைகளுக்கெல்லாம் சொந்த வண்டியில் தபால் கொண்டுபோய்ப் போடுகிற வேலை. அவள் கணவர் பல வருஷங்களுக்கு முன்பே வெயிலடிக்கிற ஊராகப் பார்த்துக் குடிபோய்விட்டார், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே. அதிலிருந்து லூபா யாரிடமும் எதையும் கேட்டு வாங்குவதில்லை. தன் கொட்டகையில் தானே பனி வழித்து, தானே டயர் மாற்றி, ராங்கியோடு வாழ்ந்து வந்தாள்.

அந்த வருஷம் அவளுடைய பழைய வண்டி செத்துப்போனது. மேற்குக் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு நீல நிற பிக்கப்பை வரவழைத்தாள். நல்ல வண்டி, துருவே இல்லை. ஆனால் அந்தப் பக்கம் மழைதான் பெய்யும், எஞ்சின் உறைகிற குளிர் கிடையாது. அதனால் வண்டிக்கு ஹீட்டரும் கிடையாது. அது லூபாவுக்குத் தெரிய வந்தது மைனஸ் முப்பதில், தபால் மூட்டைகளை ஏற்றி முடித்த பிறகு. சாவியைத் திருப்பினால் உள்ளே யாரோ ஒரு கிழவர் இருமுகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் அதுவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து நெஸ்டர் தெருவில் வந்தார். வண்டியை நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, கையுறை போடாத வெறுங்கையை வெளியே நீட்டி ராஜா மாதிரி ஆட்டிவிட்டுப் போனார்.

லூபா அதை மனசில் வைத்துக்கொண்டாள்.

ஊரில் இருந்தது ஒரே ஒரு மெக்கானிக். குளிர் வந்துவிட்டால் அவனைப் பிடிப்பது மந்திரியைப் பிடிப்பது மாதிரி. மாசக் கடைசியில் வா என்றான். தபால் மாசக் கடைசிவரை காத்திருக்காது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிடும்போது, உருளைக்கிழங்கு அடைத்த பெரோஹிக் கொழுக்கட்டையை வெங்காயத்தில் புரட்டிக்கொண்டே, தானே ஹீட்டரை வாங்கி மாட்டப் போவதாக லூபா அறிவித்தாள்.

நெஸ்டர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. தோள் இரண்டும் குலுங்கும்.

"நீ மாட்டப் போறியா? எஞ்சினோட வயித்தக் கிழிச்சு? லூபா, அது தபால் பெட்டி இல்ல, திறந்து உள்ள போட்டுட்டு மூடறதுக்கு."

"உங்க வண்டிக்கு ஹீட்டரே கிடையாதே அத்தான். நாக்கில்லாத ஜீவன்."

"நாக்கில்லாம ஓடுது. உன்னுது நாக்கு வச்சும் ஓடாது, பாத்துக்கோ."

பேச்சு வளர்ந்தது. பெரோஹி தட்டு காலியாவதற்குள் பந்தயமும் முடிவாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை ஊரில் குளிர்கால விழா. பனிச்சறுக்குத் தளத்துக் கூடத்தில் காலை பான்கேக் விருந்து, அப்புறம் ஊர்வலம். ஊர்வலத்துக்கு முன்னால் ஒருவர் கோழி வேஷம் கட்டிக்கொண்டு ஆட வேண்டும். ஒரு பண்ணைக்காரர் என்றைக்கோ தானமாகக் கொடுத்த வேஷம் அது. மஞ்சள் ரோமம், வயிற்றில் வளையம் வைத்துத் தைத்த பெரிய உருண்டை, சிவப்புக் கொண்டை. வருஷா வருஷம் ஆள் பிடிப்பதற்குள் கூடத்தின் தலைவர் டெல்பர்ட்டுக்கு முடி நரைத்துவிடும். பந்தயம் இதுதான்: இருவருடைய வண்டியும் வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க வெட்டவெளியில் நிற்க வேண்டும். நெஸ்டர் ஒயர் இல்லாமல், லூபா தன் கையால் மாட்டிய ஹீட்டரோடு. விருந்து தொடங்குவதற்குள் எவருடைய வண்டி கூடத்துக்கு வந்து சேரவில்லையோ, அல்லது எவர் சொன்ன சொல்லில் பித்தலாட்டம் இருக்கிறதோ, அவர்தான் கோழி. பித்தலாட்டம் என்ற சொல்லைச் சேர்த்தது லூபா. நெஸ்டர் அதற்கு ஒப்புக்கொள்ளும்போது சற்று வேகமாக ஒப்புக்கொண்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

ஓரிசியா மட்டும் சோபாவில் படுத்திருந்த நாயை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். அந்த நாய் கன்றுக்குட்டி அளவு. பெயர் பாரின். ஓரிசியா பூப்போட்ட துணி வாங்கித் தைத்துப் போட்டிருந்த சோபாவில் அதற்கு ஒரு குழி விழுந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம், தபால் சுற்று முடிந்தபின், லூபா வேலையை ஆரம்பித்தாள். அந்த நாள்களில் தபாலுக்கு அக்காவின் சின்னக் காரை இரவல் வாங்கியிருந்தாள். அதைக் கேட்டு வாங்கவில்லை, ஓரிசியாவே சாவியைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். கொட்டகையில் விறகு அடுப்பை மூட்டி, வண்டியை நாள் முழுக்க உள்ளே நிறுத்திக் குளிர் விட்ட பிறகு, ஓரிசியா டார்ச் பிடிக்க, லூபா வண்டிக்கடியில் புகுந்தாள்.

முதலில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவத்தை இறக்க வேண்டும். பச்சையாக, சர்பத் மாதிரி இருந்தது. தொட்டியில் வடித்து மூடியைப் போட்டு மேலே தூக்கி வைத்தார்கள். இனிப்பு வாசம் அதற்கு. நாயோ பூனையோ நக்கினால் அவ்வளவுதான். அடுத்தது எஞ்சின் பக்கவாட்டில் புகைக் குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தகர மூடி. எஞ்சினை வார்க்கும்போதே விட்ட ஓட்டையை அந்த மூடியால் அடைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு அந்த ஓட்டையில்தான் ஹீட்டரைப் பொருத்த வேண்டும். ஒரு ஓரத்தில் இரும்புக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டினால் மூடி தட்டு மாதிரி குறுக்கே திரும்பும், பிறகு இடுக்கியால் பிடித்து இழுக்கலாம் என்று ஹீட்டரோடு வந்த தாளில் போட்டிருந்தது. லூபா தட்டினாள். திரும்பவில்லை. இன்னும் தட்டினாள். அக்காவின் டார்ச் வெளிச்சம் எங்கேயோ போயிற்று.

"அக்கா, எஞ்சின்ல காட்டு. என் காலணிய ஏன் பாக்கறே?"

"உன் கால் ஆடுது. உயிரோட இருக்கியான்னு பாத்தேன்."

மூடி திடீரென்று திரும்பியது. வடித்தாயிற்று என்று நினைத்த கூலண்ட் உள்ளே ஒரு கெண்டி அளவுக்கு மிச்சம் இருந்திருக்கிறது. அது மொத்தமும் லூபாவின் சட்டைக் கைக்குள் இறங்கி, அக்குள் வழியாக முதுகுக்குப் போயிற்று. அவள் வண்டிக்கடியில் பேசிய வார்த்தைகளை ஓரிசியா அதுவரை அப்பாவின் வாயிலிருந்து மட்டுமே கேட்டிருந்தாள். டார்ச்சைப் போட்டுவிட்டு விறகுக் குவியலில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள்.

சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, ஓட்டையின் விளிம்பை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தாள். ரப்பர் வளையத்துக்கு கிரீஸ் தடவி, ஹீட்டரை உள்ளே நுழைத்து, நடுத் திருகை முடுக்கினாள். கூலண்டை ஊற்றினாள். சொட்டியது. மறுபடி எல்லாவற்றையும் வடித்து, கழற்றிப் பார்த்தால் ரப்பர் வளையம் ஒரு பக்கம் முறுக்கிக் கிடந்தது. ஓரிசியா இப்போது சிரிக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டாள். லூபா வளையத்தை வழித்துத் துடைத்து, புதிதாக கிரீஸ் பூசி, இந்த முறை தட்டையாக விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்து உட்கார வைத்தாள். ஊற்றினாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். சொட்டவில்லை.

எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே மாட்டிய காற்றெல்லாம் கொப்பளித்து வெளியேறும்வரை மேலே ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஹீட்டரைச் சுற்றிக் கூலண்ட் நிற்காமல் காற்று நின்றால், மின்சாரம் கொடுத்த உடனே அது கருகிவிடும். ஒயரைப் புகைக் குழாயில் படாமல், விசிறிக்குள் சிக்காமல் சுற்றிக் கட்டி, முன்பக்கச் சட்டத்தின் வழியே வெளியே இழுத்துவிட்டாள். நீல வண்டிக்கும் நாக்கு முளைத்தது. சுவரில் சொருகி, எஞ்சினில் காதை வைத்தாள். கெண்டியில் தண்ணீர் சூடேறுகிற மாதிரி மெல்லிய முனகல் கேட்டது. லூபா எழுந்திருக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே காதை வைத்துக்கொண்டு இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் நெஸ்டர் வீட்டுக்குத் தபால் போட வந்தவளுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. மூன்று குளிர்காலமாகப் பார்த்த காட்சிதான். முற்றத்தின் ஓரத்தில், சறுக்குக் கட்டைகள் மேல் நிறுத்திய நாய்க்கூண்டு. வீட்டுச் சுவரிலிருந்து ஆரஞ்சு நிற ஒயர் ஒன்று அதற்குள் போகிறது. நாய்க்குக் குளிராமல் இருக்க உள்ளே சூட்டுப் பாய் போட்டிருப்பதாக நெஸ்டர் சொல்லியிருந்தார், நாய் மேல் அவருக்கு இருக்கும் பாசத்தை ஊரே மெச்சியது. ஆனால் இப்போது அந்த நாய் வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் சோபாவின் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு லூபாவைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. கூண்டைச் சுற்றிப் பனியில் ஒரு பாதத் தடம்கூட இல்லை. பூட்ஸ் தடம் மட்டும் இருந்தது, நெஸ்டருடைய அளவில். அப்புறம் அந்தச் சிவப்பு பிக்கப். அது எப்போதும் பின்பக்கத்தைக் கூண்டோடு ஒட்டித்தான் நிற்கும்.

தபாலைப் பெட்டியில் போட்டுவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, லூபா தரையில் மண்டியிட்டுக் கூண்டுக்குள் தலையை விட்டாள். தலை போதவில்லை. தோள்வரை நுழைந்தாள். பாயும் இல்லை, வைக்கோலும் இல்லை. கூரையில் ஒரு சொருகுபெட்டி அறைந்திருந்தது, அதோடு நேரம் வைக்கிற டைமர். கூண்டின் பின்பலகையில் ஒரு ஓட்டை. அதன் வழியாக ஒரு கறுப்பு ஒயரின் நுனி எட்டிப் பார்த்தது. அந்த ஒயர் எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்க இன்னும் கொஞ்சம் உள்ளே ஊர்ந்தபோது வீட்டுக் கதவு திறந்தது.

லூபா கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். பெரிய நாய்க்கான கூண்டு என்பதால் முட்டி மார்பில் முட்ட ஒருவழியாக அடங்கினாள். பந்தயம்வரை நீல வண்டியை எடுக்காமல் ஓட்டிவந்த அக்காவின் காரை அவள் தெருமுனையில் நிறுத்தியிருந்தது நல்லதாகப் போயிற்று.

நெஸ்டரின் காலடி வந்தது. வண்டியைச் சுற்றி நடந்து பின்பக்கம் குனிந்தார். அவர் மூச்சு விடுவது பலகைக்கு அந்தப் பக்கம் கேட்டது. ஓட்டை வழியே ஒயர் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளப்பட்டது, லூபாவின் மூக்குவரை வந்து நின்றது. பின்னர் சுற்றி வந்த அவருடைய மயிரடர்ந்த கை கூண்டின் வாசல் வழியாக உள்ளே நுழைந்து ஒயரைத் துழாவியது. லூபா ஒரு விநாடி யோசித்தாள். பிறகு பிளக்கை எடுத்து மெதுவாக அந்தக் கையில் வைத்தாள். கை அதை வாங்கி, பழகிய தடத்தில் மேலே போய்ச் சொருகியது. ஒன்றும் சந்தேகப்படவில்லை. வண்டியை இரண்டு தட்டு தட்டிவிட்டு, "நாளைக்கு நீயும் நானும்தான் கண்ணு. கோழி வேஷம் அவளுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும்" என்று கொஞ்சினார். விழாக் கூடத்தில் நாற்காலி போட ஆள் கூப்பிட்டிருந்தார்கள் போலும், அப்படியே நடந்து தெருவுக்குப் போய்விட்டார்.

லூபா வெளியே வர முயன்றபோது வாசலில் ஓரிசியா நின்றுகொண்டிருந்தாள். கையில் கோடாலி, தோளில் வேலிக் கம்பிச் சுருள்.

"மூணு வருஷம்" என்றாள் அக்கா. "நாய்க்குன்னு கட்டின கூண்ட வண்டிக்குக் குடுத்துட்டு, நாய என் சோபாவுல விட்டாரு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. நான் சொல்லல. நீயாக் கண்டுபிடிச்சே. சத்தியம் அப்படியேதான் இருக்கு."

லூபா டைமரைக் கழற்றிவிடலாம் என்றாள். ஒயரை உருவிவிட்டால் காலையில் வண்டி கட்டைதான். ஓரிசியா தலையை ஆட்டினாள்.

"கிளம்பலைன்னா பேட்டரி போச்சும்பாரு. அடுத்த வாரம் மறுபடி அதே நாற்காலி, அதே காபி. அவரு கிளம்பணும். எல்லாரும் பாக்க வந்து நிக்கணும்."

ஓரிசியா கோடாலியின் பின்பக்கத்தால் சறுக்குக் கட்டைகளைத் தட்டித் தட்டித் தரையிலிருந்து விடுவித்தாள். அசைத்துப் பார்த்தால் கூண்டு பனியில் வழுக்கிக்கொண்டு வந்தது. லூபா வேலிக் கம்பியைப் பிக்கப்பின் பின்பக்கக் கொக்கியில் இரண்டு சுற்று சுற்றி முறுக்கி, மறுமுனையைச் சறுக்குக் கட்டையில் கட்டினாள். மேலே பனியை வாரிப் போட்டு மூடினார்கள். சாயங்காலம் டெல்பர்ட் நடுவராக வந்து, சிவப்பு வண்டியின் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்து, நாக்கு இல்லை என்று சாட்சி சொல்லிவிட்டுப் போனார். பின்பக்கம் பார்க்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

சனிக்கிழமை விடிந்தபோது மைனஸ் முப்பத்தொன்பது. மூக்கு மயிர் ஒட்டிக்கொள்கிற குளிர், புகைபோக்கிகளின் புகை நேராக மேலே போய் அப்படியே நிற்கிற குளிர். லூபா படியிறங்கும்போது அக்காவின் ஏற்பாடு, நெஸ்டரின் கை, கோழியின் கொண்டை எல்லாம் மறந்துபோயிற்று. ரப்பர் வளையம் ஒன்றுதான் நினைவில் இருந்தது. வண்டிக்கடியில் குனிந்து பார்த்தாள். பனியில் பச்சைப் பொட்டு இல்லை. எஞ்சினுக்கு மேலே உள்ள பெரிய மூடியின் நடுவில் மட்டும் உறைபனி உருகி, கையகல ஈரம் தெரிந்தது. பிளக்கை உருவினாள். ஒயர் குச்சி மாதிரி விறைத்திருந்தது. உள்ளே உட்கார்ந்தாள், இருக்கை பாறையாக இருந்தது. சாவியைத் திருப்பினாள்.

ஒரு சுற்று. இரண்டாவது சுற்றுக்கு அவசியமே இல்லாமல் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

லூபா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தனியாகத்தான் இருந்தாள், ஆகவே கொஞ்சம் அழுதாள் என்று சொன்னால் மறுக்க ஆள் இல்லை. பிறகு வண்டியை நகர்த்தினாள். ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் நின்ற டயர்கள் சதுரமாக உறைந்துபோயிருந்ததால், முக்குத் திரும்பும்வரை கட்டை வண்டி மாதிரி டொக் டொக்கென்று குதித்துக்கொண்டே போனாள்.

கூடத்து வாசலில் ஊர் கூடியிருந்தது. பான்கேக் வாசனையும் மனிதர்கள் விட்ட மூச்சும் ஒன்றாகப் புகைந்தன. நீல வண்டியைப் பார்த்ததும் கைதட்டல். டெல்பர்ட் வந்து நாக்கைப் பிடித்துப் பார்த்து, இழுத்துப் பார்த்து, இது எத்தனையோ மெக்கானிக் கட்டியதைவிட இறுக்கமாக இருக்கிறது என்றார். ஓரிசியா முன்னாலேயே நடந்து வந்து, சிரப் ஊற்றிய தட்டோடு நல்ல இடமாகப் பிடித்து நின்றிருந்தாள்.

அப்போது தெருக்கோடியில் சிவப்பு பிக்கப் தெரிந்தது.

நெஸ்டர் மெதுவாக வந்தார். அவசரப்படாத ஊர்வலத் தோரணை. பின்கண்ணாடி முழுக்க உறைபனி, அவருக்கு முன்னால் இருப்பதுதான் தெரியும். இரண்டு பக்கமும் நின்ற ஜனங்கள் அவரைப் பார்த்துக் கையாட்ட ஆரம்பித்து, வண்டி கடந்துபோனதும் கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்திக்கொண்டதை அவர் பார்க்கவில்லை. வண்டிக்குப் பின்னால், கம்பியில் கட்டிய நாய்க்கூண்டு பனியில் ஆடி அசைந்து வழுக்கிக்கொண்டு வந்தது. வாசலுக்கு மேலே பாரின் என்று சாயத்தில் எழுதிய பெயர் பளிச்சென்று தெரிந்தது. கூண்டுக்குப் பின்னால் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்ட ஆரஞ்சு ஒயர், பாதித் தெருவுக்கு நீளமாகக் கல்யாண முந்தானை மாதிரி இழுபட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பெரிய விஷயம். ஊரே வாயை மூடிக்கொண்டு அவரை இறங்கவிட்டது.

இறங்கியவர் இரண்டு கையையும் விரித்தார். "மைனஸ் முப்பத்தொம்பது" என்றார். "சாவியத் திருப்பினேன்."

"சிரிச்சுச்சா அத்தான்?" என்று கேட்டாள் லூபா.

"சிரிச்சுச்சு."

"குரைக்கலையே?"

கூட்டத்தில் எங்கோ ஒரு பெண் விக்கினாள். நெஸ்டர் திரும்பினார். கூண்டைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார், அதன் மறுமுனை எங்கே என்று தேடுகிற மாதிரி தெருவைப் பார்த்தார். கடைசியாக மனைவியைப் பார்த்தார். ஓரிசியா பான்கேக்கை மென்றுகொண்டிருந்தாள்.

"நாய்க்கு விழா பாக்கணும்னு ஆசை" என்றார் நெஸ்டர், உண்மையிலேயே துணிச்சலாக.

டெல்பர்ட் நிதானமான மனிதர். முட்டியில் கைவைத்துக் குனிந்து கூண்டுக்குள் பார்த்தார். சொருகுபெட்டியைப் பார்த்தார், டைமரைப் பார்த்தார். பின்னர் பனியில் மல்லாந்து படுத்து, பிக்கப்பின் பின்பக்கத்துக்கடியில் நகர்ந்து, மடித்துச் செருகியிருந்த கறுப்பு ஒயரை இரண்டு விரலால் வெளியே இழுத்துத் தொங்கவிட்டார்.

"வாலா இருக்கு நெஸ்டர்" என்றார் படுத்தபடியே. "நாங்க இத்தனை வருஷமா முன்பக்கம் தேடினோம்."

அப்போதுதான் ஊர் சிரித்தது. கூடத்துக்குள் பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு வெளியே ஓடிவந்தார்கள்.

நெஸ்டருக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், தோற்றதைத் தோற்றதாக ஒப்புக்கொண்டார். சிரிப்பு அடங்கும்வரை நின்று, தொப்பியைக் கழற்றி, கோழியைக் கொண்டுவாருங்கள் என்றார். அன்றைக்கு அவர் ஆடிய ஆட்டத்தை மிர்னோ இன்னும் பேசிக்கொள்கிறது. மற்ற வருஷங்களில் வேஷக்காரர்கள் வெட்கத்தோடு இரண்டு எட்டு நடப்பார்கள். நெஸ்டர் தெரு முழுக்கக் கிளறினார், பாதிரியாரைக் கொத்தினார், ஊர்வல வண்டிமேல் ஏறி முட்டையிட உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவர் வால் இறகைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனார்கள். ஓரிசியா சிரித்துச் சிரித்து அலுத்துப்போய், சூடான கூடத்துக்குள் போய் உட்கார்ந்தாள்.

மாலை வெளிச்சம் மங்கும்போது வேறொரு சிக்கல். வேஷத்தின் ஜிப் உறைந்து இறங்கவில்லை. வயிற்று வளையத்தோடு ஸ்டியரிங்குக்குப் பின்னால் நெஸ்டரால் உட்காரவும் முடியவில்லை. ஓரிசியா சிவப்பு வண்டியை ஓட்டிக்கொண்டு, கூண்டை ஜாக்கிரதையாக இழுத்துக்கொண்டு முன்னால் போனாள். கோழியை லூபாதான் நீல வண்டியில் பக்கத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்று நடுவில் ஒருதரம் எஞ்சின்களை ஓடவிட்டு வைத்திருந்ததால் இரண்டு வண்டியும் உடனே கிளம்பின. உருண்டை வயிறு முன்பலகையில் அழுந்தி, கொண்டை கூரையில் மடங்க, நெஸ்டர் ஒடுங்கி உட்கார்ந்து வந்தார்.

"மூடி எப்படி எடுத்தே?" என்று கேட்டார் பிறகு. "அந்தத் தகர மூடி. திரும்பவே திரும்பாதே."

லூபா சொன்னாள். சட்டைக் கைக்குள் இறங்கிய கூலண்டைப் பற்றிச் சொன்னாள், முறுக்கிய வளையத்தையும் மறைக்கவில்லை. கோழி தலையாட்டிக்கொண்டு கேட்டது. தன்னால் அந்த மூடியை எடுக்க முடியவே இல்லை என்றும், பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்த்தான் மாட்டிவந்ததாகவும், ஒயரைப் பின்பக்கமாக இழுத்துவிடச் சொன்னபோது அந்த மெக்கானிக் தன்னைப் பைத்தியம் என்று நினைத்ததாகவும் சொன்னார்.

"ஆனா லூபா, மொதத் தடவ நெசமாவே கிளம்பிச்சு. ஹீட்டர் கிடையாது. மைனஸ் இருபத்தெட்டு இருக்கும். எப்படின்னே தெரியல, சாவியத் திருப்பினேன், கிளம்பிருச்சு. கடையில போய்ச் சொன்னேன். எல்லாரும் என்னயே பாத்தாங்க. அடுத்த நாளும் கிளம்பிச்சா, எப்படின்னு கேட்டாங்க. அடுத்த நாள் கிளம்பல. அத எப்படிப் போய்ச் சொல்றது?"

லூபா ஓரக்கண்ணால் பார்த்தாள். மஞ்சள் இறகுகளுக்கு நடுவே அறுபது வயது முகம், மூக்கு நுனியில் ஈரம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அதுதான் ஆச்சரியம்.

"நம்பறேன் அத்தான்" என்றாள்.

"இத யார்கிட்டயும் சொல்லிராத."

சொல்ல மாட்டேன் என்று லூபா சத்தியம் செய்தாள். வீட்டு வாசலில் கோழியை இறக்கி, கதவில் சிக்கிய இறகை எடுத்துவிட்டு, உள்ளே போகும்வரை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள் என்றுதான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை தபால் சுற்றில் முதல் பண்ணைக்காரியிடம் மட்டும்தான் சொன்னாள். அந்த அம்மாளுக்குக் காது மந்தம், ஆகவே கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.